நாலு மணி வரைக்கும் ஹைஃபன்கள்

நாலு மணிக்கு ஜெனோவாவைக் கண்ணாடி அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தப்பைச் செய்தது ஜெனோவா இல்லை, அஞ்சுகம். அது அஞ்சுகத்துக்கு மட்டும்தான் தெரியும், ஜெனோவாவுக்கே தெரியாது. இப்படி ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு மத்தியானம் ஒருத்திக்குச் சோறு இறங்குமா என்று கேட்டால், இறங்கியது. கொத்தவரங்காய்ப் பொரியலைக்கூட மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்து ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தபோது மணி இரண்டு இருபது. முதல் வரியிலேயே கண் சிக்கியது. லாங் டெர்ம் ட்ரீட்மென்ட். லாங்குக்கும் டெர்முக்கும் நடுவில் ஹைஃபன் என்கிற சின்னக் கோடு உண்டா இல்லையா. உண்டு. ட்ரீட்மென்ட் என்கிற பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இரண்டும் ஜோடியாக வந்து நிற்கிறபோது கை கோத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். அதே இரண்டும் வாக்கியத்தின் வாலுக்குப் போய் இன் த லாங் டெர்ம் என்று வந்தால் கையை விட்டுவிடவேண்டும். லி என்று முடிகிற சொல் வந்தால் எந்த இடமானாலும் கோடு கிடையாது. இல்லை என்கிற அர்த்தத்தில் வருகிற ஆங்கிலத்து நான், அப்புறம் ப்ரீ, போஸ்ட் என்று தொடங்குகிறவை இந்த அமெரிக்கக் கம்பெனிக்கு ஒட்டியே இருக்கவேண்டும், லண்டன் கம்பெனிக்குக் கோடு போட்டு இருக்கவேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. எங்கேயோ இருக்கிற டாக்டர்கள் எழுதுகிற புத்தகங்கள் புதுச்சேரியில் இந்த மூன்றாவது மாடிக்கு வரும். இங்கே நாற்பது பேர் உட்கார்ந்து சேர்ப்பதைச் சேர்த்து, பிரிப்பதைப் பிரித்து அனுப்புவார்கள். எழுதினவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஹைஃபன் எல்லாம் சொல்லாமல் செய்யும் திருத்தம். பெரிய மாற்றம் என்றால் சிவப்பில் காட்டிக் கேள்வி எழுதவேண்டும். இந்தச் சின்னக் கோட்டுக்கு அவ்வளவு மரியாதை இல்லை. போட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். எடுத்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். காலை பதினொன்றரை வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பதினொன்றரைக்கு வந்த மெயிலில் நாலே வரி. குழந்தை மருத்துவக் கையேடு, ஏழாம் அத்தியாயம், மூன்றாம் அட்டவணை, மருந்தின் அளவு தவறு. ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு சம்பவம் நடந்திருக்கிறது, விசாரணையில் இருக்கிறது, மேற்கொண்டு சொல்வதற்கில்லை. கடைசியாகத் திருத்தியவரின் எண், தேதி. எண் ஜெனோவாவுடையது. தேதியைப் பார்த்தவுடன் அஞ்சுகத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஐயோ பாவம், இந்தப் பெண்ணா என்றுதான் நினைத்தாள். பிறகு கைபேசியில் காலண்டரைப் பின்னாடித் தள்ளிக்கொண்டே போனாள், மாசி, தை, மார்கழி, ஐப்பசி, ஆடி. ஆடி மாசத்துச் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் வீட்டிலிருந்து வேலை. அந்தச் சனிக்கிழமை ஜெனோவா வீட்டில் இல்லை, திண்டிவனத்தில் பேங்க் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வேறு வேலை தேடுகிறாள் என்று ஆபீசுக்குத் தெரியக்கூடாது, அன்றைக்கு முடிக்கவேண்டிய அத்தியாயமும் நிற்கக்கூடாது. அதனால் தன் லாகின் ஐடியை அஞ்சுகத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஐடி கொடுப்பது இங்கே ஊரறிந்த ரகசியம். பிரசவம், சாவு, பெண் பார்க்க வருவது, எல்லாவற்றுக்கும் ஒருத்தர் ஐடியில் இன்னொருத்தர் நுழைந்து வேலையை முடித்துவைப்பார்கள். கேட்டால் கொடுக்கவேண்டும், அடுத்த தடவை உனக்கு வேண்டியிருக்கும். அஞ்சுகம் மாமனார் காரியத்துக்குப் போனபோது ஜெனோவாதான் இரண்டு நாள் அஞ்சுகமாக இருந்தாள். திரும்பி வந்தவளிடம், அக்கா, உன் பேர்ல இருந்தா எனக்கே இடுப்பு வலிக்குது என்றாள். அந்தப் பெண்ணுக்கு எப்போதும் அப்படி ஒரு வாய். நம்ம பொழப்பே பாதி நாள் கோடு கிழிக்கறது, பாதி நாள் கோடு அழிக்கறது, இதுக்கு எம்எஸ்ஸி வேற படிச்சோம் என்பாள். கல்யாணம் ஆனால் உனக்கும் மாமியாருக்கும் நடுவில் ஹைஃபன் போடுவாயா டாஷ் போடுவாயா என்று ஒரு தடவை அஞ்சுகம் சீண்டினாள். யோசிக்கவே இல்லை அவள். ஃபுல்ஸ்டாப், அக்கா என்றாள்.

லோ பர்த் வெய்ட் இன்ஃபன்ட். எடை குறைந்து பிறந்த குழந்தை. இன்ஃபன்ட்டுக்கு முன்னால் மூன்று சொல்லும் ஒரே கூட்டமாக வருவதால் இரண்டு கோடு. போட்டாள். போட்ட விரலைப் பார்த்தாள். வலது கை மோதிர விரல் வழக்கமாகப் போய் விழுகிற இடம் அது, கண் பார்க்காமலே விழும். அன்றைக்கும் அப்படித்தான் விழுந்திருக்கும். என்ன நடந்தது என்று காலையிலிருந்து இருபது தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள், ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. தன்னுடைய அத்தியாயம் ஒன்று பாக்கி, ஜெனோவாவின் அத்தியாயம் ஒன்று, அடுப்பில் மீன்குழம்பு, பையன் இளமாறன் பேட்மின்டன் மட்டையைக் காணோம் என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். ப்ரீ, போஸ்ட், நான் எல்லாவற்றையும் ஒட்டவைக்கவேண்டும். ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்துத் தேடச் சோம்பல். எழுத்தோ எண்ணோ, எதற்கு நடுவில் கோடு இருந்தாலும் காட்டு என்று ஒரே தேடலாக எழுதினாள். ஒன்றொன்றாகப் பார்த்து, வேண்டியதை மட்டும் ஒட்டுவதாகத்தான் எண்ணம். அடுத்து, அடுத்து, மாற்று, அடுத்து என்று போய்க்கொண்டிருந்த கை குழம்பு பொங்கின சத்தத்துக்குத் திரும்பினபோது எல்லாவற்றையும் மாற்று என்கிற ரீப்ளேஸ் ஆல் மேல் விழுந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாற்றப்பட்டது என்று பெட்டி வந்தது. பதறவில்லை அவள். பதறுவதற்கு என்ன, கன்ட்ரோலும் இஜட்டும் இருக்கிறதே. அழுத்தினாள், எல்லாக் கோடும் போன வழியே திரும்பி வந்து அதனதன் இடத்தில் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து மிச்சத்தைப் பார்த்து முடித்தாள். எல்லாம் சரி. ஆனால் ஆபீசில் கொடுத்திருக்கிற அந்தத் தேடல் கருவி, திறந்து கிடக்கிற எல்லாக் கோப்பிலும் போய் மாற்றும். திரும்பப் பெறுவது மட்டும் கண்ணுக்கு எதிரே இருக்கிற கோப்பில்தான். அட்டவணைகள் தனிக் கோப்பு. அது பின்னால் திறந்து கிடந்தது. அதில் மொத்தமே மூன்று கோடு. மூன்றும் எண்களுக்கு நடுவில் இருந்தவை.

அதுவும் போகட்டும். வேலை முடிந்து மூடும்போது அட்டவணைக் கோப்பு கேட்டது, செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று. அவள் சேமி என்றாள். இங்கேதான் வந்து நிற்கிறது, இருபது தடவையும். அந்தக் கோப்பை அவள் தொடவே இல்லை. தொடாத கோப்பு எதற்காகக் கேட்கிறது? பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்தால் கதவு ஒருச்சாய்த்துக் கிடக்கிறது, உள்ளே போய்ப் பார்க்காமல் வெளியிலிருந்து இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டு வந்தமாதிரி. என்னடி கேட்கிறாய், நான் உன்னை என்ன செய்தேன் என்று ஒரு நொடி அதன் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். சேமி என்று சொல்லிச் சொல்லிப் பழகின கை. அட்டவணையைத் திறந்திருந்தாலும் தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். மூன்று வயசுப் பிரிவுக்கு மூன்று அளவு. 1-2 மில்லி, 2-3 மில்லி, 3-4 மில்லி. கோடு போனபிறகு 12, 23, 34. எவ்வளவு அழகாக இருக்கிறது. படிக்கட்டுபோல ஒவ்வொன்றாக ஏறுகிறது. ஒரே ஒரு எண் கெட்டிருந்தால் அது உறுத்தியிருக்கும். மூன்றும் ஒழுங்காகக் கெட்டுப்போனதால் அச்சுப்படி பார்த்தவர் கண்ணில் படவில்லை, எழுதின டாக்டர் கண்ணில் படவில்லை, தோலட்டை போட்டுப் புத்தகமாகி ஒரு ஆஸ்பத்திரி அலமாரியில் போய் நிற்கிறவரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை.

த்ரீ மன்த் ஓல்ட். ஏர் கண்டிஷனர் நேராகக் கழுத்தில் அடித்தது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மூன்று மாசக் குழந்தை. கோடு இரண்டு. பன்னிரண்டு மில்லி என்பது எவ்வளவு இருக்கும். இளமாறன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் மருந்தோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வரும், உள்பக்கமாகக் கோடுகள், இரண்டரை, ஐந்து, பத்து. மத்தியான வெயிலில் ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து இரண்டரைக் கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை ஏறினாலும் திரும்பப் புட்டிக்குள் ஊற்றுவாள். ஆரஞ்சு வாடை. கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து உள்பக்கம் விட்டால் நாக்கால் தள்ளுவான், தாடை வழியாக வழிந்து கழுத்து மடிப்பில் போய் நிற்கும், அதைத் துடைத்த துணி விறைத்துப்போகும். வழிந்தது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று தெரியாமல் இன்னொரு அரை மூடி கொடுக்கலாமா என்று தவிப்பாள். அந்தத் தவிப்பு அங்கே யாருக்காவது வந்திருக்கும். வராமல் இருக்குமா. பன்னிரண்டா, இவ்வளவு சின்னதுக்கா என்று ஒரு நர்ஸ் புருவத்தைத் தூக்கியிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு எவளும் ஊற்றிவிடமாட்டாள். அனுபவம் உள்ளவள் ஊற்றமாட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவளாக இருந்தால்? சந்தேகம் வந்து, புத்தகத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று அலமாரிக்குப் போயிருப்பாள். புத்தகத்தில் இருக்கிறதே என்று நிம்மதியாக வந்திருப்பாள். சம்பவம் என்று எழுதியிருக்கிறார்கள். என்ன சம்பவம். வாந்தி எடுத்ததும் சம்பவம்தான். பிழைத்துக்கொண்டதும் சம்பவம்தான். பிழைத்துக்கொண்டது என்றால் அப்படிச் சொல்லியிருப்பார்களே. நல்ல செய்தியை யார் மேற்கொண்டு சொல்வதற்கில்லை என்று எழுதுவார்கள்.

மூன்று ஐந்து. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள், போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போட்டாள். சொல்லாவிட்டால் ஜெனோவாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான். போன வருஷம் படங்களை இடம் மாற்றிப் போட்டவனுக்கும் அதுதான் கொடுத்தார்கள், இன்றைக்கும் அவன் அந்த ஓரத்தில் சீப்பெடுத்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறான். சொன்னால்? ஐடி கொடுத்ததற்கு மன்னிப்பே கிடையாது. கொடுத்தவள், வாங்கினவள் இருவரும் அன்றைக்கே கிளம்பவேண்டியதுதான். ஆக வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஜெனோவாவுக்கும் நல்லது. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கா வாயை மூடுகிறாள், அவளைக் காப்பாற்றுவதற்கு அல்லவா. இந்த நியாயம் எவ்வளவு வாகாக வந்து உட்கார்ந்துவிட்டது என்று அஞ்சுகத்துக்கே பயமாக இருந்தது. 12, 23, 34 மாதிரியே இருந்தது அது. எங்கேயும் உறுத்தவில்லை. வெல் நோன் சைட் எஃபெக்ட், கோடு உண்டு. த சைட் எஃபெக்ட்ஸ் ஆர் வெல் நோன், கோடு வேண்டாம். நியூலி அட்மிட்டட், கோடு வேண்டாம். நியூபார்ன், பச்சைக் குழந்தை, ஒரே சொல், அதன் நடுவில் எப்போதும் ஒன்றும் கிடையாது. அந்தச் சொல்மேல் கர்சர் போய் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கிருந்து நகர்த்த மனசு வரவில்லை.

யாரோ நாற்காலியின் முதுகைப் பிடித்ததுபோல் இருந்தது. ஜெனோவா. காலையிலிருந்து தலையைத் தூக்காமல் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்திருக்கிறாள். முகம் கழுவியிருந்தாள், காதோரத்து முடியெல்லாம் நனைந்து ஒட்டிக்கிடந்தது. தான் சாப்பிடவில்லை என்று சொன்னாள். அம்மாவுக்கு இன்னும் போன் போடவில்லை என்றாள். பழைய மெயில் எல்லாம் தேடிப் பார்த்தேன், அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு முடித்து அனுப்பியதாக இருக்கிறது, ஆனால் எதுவுமே ஞாபகம் வரவில்லை என்றாள். ஏழு மாசத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எப்படியடி ஞாபகம் இருக்கும் என்றாள் அஞ்சுகம். இந்தப் பெண் எழுதின பரீட்சை நாலோ ஐந்தோ, எது எந்தத் தேதி என்று அவளுக்கு எப்படித் தெரியும். இதோ, இப்போது சொல்லலாம். கர்சரை ஒரு வரி கீழே தள்ளினாள்.

"அக்கா, நான் எப்படி அந்த டேபிளைத் திறந்தேன், எதை அழிச்சேன்னு ஒண்ணுமே வரமாட்டேங்குதுக்கா. கண்ணை மூடினா ஒரு குழந்தைதான் வருது. மூஞ்சி இல்ல. வெறும் கைகால் ஆட்டிக்கிட்டு."

அப்படியெல்லாம் நினைக்காதே, ஒன்றும் ஆகியிருக்காது என்று அஞ்சுகம் சொன்னாள். சொன்ன குரல் நன்றாகவே இருந்தது, ஆறுதலாக இருந்தது, பக்கத்து இடத்துக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜெனோவா குனிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன.

"வேலை போனா போவுதுக்கா. அது இல்ல. இனிமே ஒரு குழந்தையை என்னால தூக்க முடியுமா? எங்க அண்ணனுக்குப் போன மாசம்தான் பொறந்திருக்கு." தோளை விடாமலே கேட்டாள். "நீ என்கூட வர்றியா? சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்."

வருகிறேன் என்றாள் அஞ்சுகம். வேறு என்ன சொல்வது. ஜெனோவா போனபிறகு மூன்று இருபதிலிருந்து மூன்று ஐம்பத்தைந்து வரைக்கும் ஒரு பக்கம் பார்த்தாளா அரைப் பக்கம் பார்த்தாளா தெரியாது. ஒரு வார்த்தையைப் பிரித்தாள், சேர்த்தாள், பிரித்தாள். எச்சரிக்கைக் கடிதம் எச்சரிக்கைக் கடிதம் என்று மனசு அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது, ஆனால் சுதி இறங்கிவிட்டது. அவள் போட்ட கணக்கில் ஜெனோவாவின் வேலை இருந்தது, தன் வேலை இருந்தது, இளமாறனின் பள்ளிக்கூடம் இருந்தது, வீட்டு வாடகை இருந்தது. மூஞ்சி இல்லாமல் கைகால் ஆட்டுகிற ஒன்று இருக்கவில்லை. அதை அந்தப் பெண் காலையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. காகிதத்தில் பெயர் மாறினால் கடிதம்தான் மாறும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஜெனோவாவுக்குக் கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், அது இருமும், அவள் மருந்து மூடியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், ஊற்றினதைத் திரும்பத் திரும்பப் புட்டிக்குள்ளேயே ஊற்றுவாள். எதற்காக இவ்வளவு பயம் என்று புருஷனிடம் சொல்வாள். நான் ஒருதரம் ஒரு தப்புப் பண்ணினேன் என்பாள். நாற்பது வருஷம் கழித்தும் அதைத்தான் சொல்வாள். பண்ணாத தப்பை. அது நீ பண்ணினது இல்லை என்று சொல்வதற்குக்கூட ஆள் இருக்காது. அப்போது அஞ்சுகம் எங்கேயாவது ஒரு வீட்டில் நிம்மதியாக இருப்பாளா என்றால், இருப்பாள். இன்றைக்குச் சோறு இறங்கியதே. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கண்ணாடி அறையில் தர மேலாளர் குப்புராஜ் மட்டும்தான் இருந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அஞ்சுகமும் கூட வருவதைப் பார்த்து, துணைக்கா, நல்லது, உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். மேஜைமேல் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதி, மூன்று எண்களையும் யாரோ பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். இன்னொன்று காரணம் எழுதுகிற படிவம். கிளையன்ட் இன்று மாலைக்குள் கேட்கிறார்கள், நீளமாக ஒன்றும் வேண்டாம், கவனக்குறைவு என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், கடிதம் ஒன்று வரும், ஃபைலில் இருக்கும், அதோடு சரி என்று ஜெனோவாவிடம் மெதுவாகச் சொன்னார். ஜெனோவா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றத் தெரியாதவள்போல் அதை இரண்டு கையாலும் திருகினாள். அது அழுத்துகிற பேனா. அழுத்தவேண்டும் என்று குப்புராஜ் காட்டிக்கொடுத்தார்.

"சார், அது அவ இல்ல." அஞ்சுகத்தின் குரல் தண்ணீர் கேட்கிற குரல்மாதிரி சாதாரணமாக இருந்தது. "அன்னைக்கு ஜெனோவா திண்டிவனத்துல பேங்க் பரீட்சை எழுதிட்டிருந்தா. அவ ஐடில வேலை பார்த்தது நான். ரீப்ளேஸ் ஆல் அடிச்சது நான். டேபிளைப் பார்க்காம சேவ் பண்ணதும் நான்தான்."

குப்புராஜ் எழுந்து போய்க் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நீங்கள் இப்போது சொன்னது என் காதில் இன்னும் விழவில்லை என்றார். விழுந்தால் இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள வழியில்லை, பதினாறு வருஷமானாலும் வழியில்லை. விழாவிட்டால் ஒரு கடிதத்தோடு போய்விடும். கிளையன்டுக்கு வேண்டியது ஒரு பெயர், அது ஏற்கனவே அவர்களிடம் இருக்கிறது. வெளியே போய் முகம் கழுவி, இருவரும் பேசிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அஞ்சுகம் ஜெனோவாவைப் பார்க்கப் பயந்துகொண்டு அந்த மூன்று வட்டங்களையே பார்த்தாள். திட்டுவாள். பரீட்சை விஷயத்தை எதற்குச் சொன்னாய், என் வேலையையும் சேர்த்து எதற்குக் கொளுத்தினாய் என்று கேட்பாள். கேட்கட்டும்.

"அப்போ நான் இல்லியாக்கா?"

"இல்லடி."

"நெஜமா?"

"நெஜமா. நீ அன்னைக்கு அந்த டேபிளைக் கண்ணாலகூடப் பார்க்கல."

ஜெனோவா பேனாவை மேஜைமேல் வைத்தாள், அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா என்று பார்த்தால் மூச்சு. தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவள் மேலே வந்து வாங்குகிற மூச்சு. பிறகு விரல்களுக்கு நடுவிலிருந்து குப்புராஜைப் பார்த்து, எழுதிக்குங்க சார் என்றாள். அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்குங்க.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். அஞ்சுகம் ஒன்றுதான் கேட்டாள், அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று. எழுதுவதை நிறுத்தாமல் அவர் தலையை ஆட்டினார். தெரியாதாம். கேட்டுப் பார்த்தாராம். இனி எல்லாம் வக்கீல் மூலமாகத்தான், நாம் கேட்கவும் கூடாது, அவர்கள் சொல்லவும் மாட்டார்கள், எப்போதும் தெரியப்போவதில்லை என்றார். பக்கத்து நாற்காலியில் ஜெனோவா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, வெறும் மடியில் துப்பட்டாவை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சுகம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்தது. காலையிலிருந்து அந்தப் பெண்ணின் மடியில் கிடந்தது இப்போது இடம் மாறித் தன் மடிக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சின்னதுதான். மூன்று மாசம்கூட இருக்காது. ஆனாலும் இவ்வளவு கனம் இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.